வியாழக்கிழமைக் கிடாரங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை முதலாளி தன் கடைச் சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்தார். பழையபடி மலையும் அருவியும் மாட்ட வேண்டாம், குசினிக்குள் நின்று வேலை செய்கிறவர்களின் படங்களை மாட்டுவோம் என்று அவருக்கு ஒரு எண்ணம். கலியாண வீடுகளில் படம் எடுக்கிற என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதையும் மூன்று தரம் பார்க்காவிட்டால் பிழை விட்டுவிடுவேன் என்ற பயம் அந்த நாளில் ஒட்டியது, இன்னும் விடவில்லை.

அதனால்தான் படம் எடுக்கப் போவதற்கு முதல் நாள் மாலை, மெமரி காட்டைக் கமராவிலிருந்து கழற்றிக் கணினியில் போட்டு, வெறுமையாக இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் போனேன். பெரிய சமையல்காரர் அளவெட்டி ஊர் ஆள். குசினியில் எல்லாருக்கும் அவர் அண்ணைதான். சவரம் செய்து, பவுடர் பூசி, மினுக்கிய சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். நான் ஒரு படம் எடுப்பேன், எடுத்த உடனே கமராவின் திரையைப் பார்ப்பேன். அதற்குள் தோசை புரண்டிருக்கும், வடை எண்ணெயை விட்டு வெளியே வந்திருக்கும்.

"தம்பி, உதுக்குள்ளை என்னத்தைப் பாக்கிறீர்? நாங்கள் இஞ்சையெல்லோ நிக்கிறம்" என்றார் அண்ணை.

எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் திரையை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு பார்க்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் கழுவுகிற அக்கா மட்டும் சம்மதிக்கவில்லை. சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கமரா தன் பக்கம் திரும்பினால் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார். பின்னேரம் நான் வெளிக்கிடும்போது அவரே கூப்பிட்டார்.

"என்னை வேண்டாம் தம்பி. இதை எடும்."

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் மூன்று கிடாரங்கள் கவிழ்த்துக் கிடந்தன. சோறும் சாம்பாரும் வைக்கிற, ஒரு ஆள் உள்ளே குந்தியிருக்கக்கூடிய பாத்திரங்கள். வெள்ளிக்கிழமை சைவக் கடைக்குச் சனம் கூடுதலாக வரும். அதற்காக வியாழன்தோறும் அக்கா சாம்பலும் தேங்காய்த் தும்பும் பிழிந்து எறிந்த தேசிக்காய்த் தோலும் கொண்டு அடிக்கரி முழுவதையும் உரஞ்சி எடுப்பாராம். வெயில் பட்டுக் கண் கூசியது.

"பத்துப் பதினொரு வருசமாத் தேய்க்கிறன். விடிய நெருப்பு வைச்சாக் கறுத்துப்போம். இப்பிடி இருக்கேக்கை ஒருத்தரும் கண்டதில்லை" என்றார்.

ஏழெட்டுப் படம் எடுத்தேன். அக்கா தள்ளி நின்று, ஈரக் கையைத் துடைத்தபடி, கிடாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடுவிலில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், மெமரி காட் அதிலேயே இருந்தது. காட் இல்லாவிட்டாலும் என் கமரா கிளிக் என்று சத்தம் போடும், எடுத்ததை ஒரு கணம் திரையிலும் காட்டும். மூலையில் சின்னதாகக் 'காட் இல்லை' என்று வரும்; காலையில் படத்தையே பார்த்த நான் அதைக் கவனிக்கவில்லை, பிறகு திரையையும் அணைத்துவிட்டேன். காலையிலிருந்து பின்னேரம் வரை நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

கமரா பழுது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தாலும் அக்கா கை துடைத்தபடி நின்றது கண்ணுக்குள் வந்தது. வெள்ளி காலை போய், குசினி வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னேன்.

அண்ணை சாம்பாரைத் துழாவுவதை நிறுத்தவில்லை. "நேற்று வைச்ச சாம்பார் இண்டைக்குக் கிடக்கோ? நாங்களும் ஒவ்வொரு நாளும் திருப்பித்தானே வைக்கிறம். கமராவைத் தூக்கும்." பிறகு நிமிர்ந்து, "காட் போட்டீரோ?" என்றார். குசினி முழுக்கச் சிரித்தது.

அன்றைக்கு ஒருவரும் எனக்காக உடுத்தி வரவில்லை. அண்ணையின் முகத்தில் பவுடர் இருந்த இடத்தில் மா படிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நான் நிற்பதையே மறந்துபோனார்கள். சுவரில் இப்போது இருக்கிற படங்களில் முக்கால்வாசி அந்த வெள்ளிக்கிழமைப் படங்கள்தான்.

ஆனால் கிடாரங்கள் அடுப்பில் இருந்தன. கரி பாதி வரை ஏறிவிட்டது. அக்காவிடம் போனேன். வாசலில் நான் சொன்னதை அவர் முதலே கேட்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

நாலைந்து தட்டுக் கழுவினார். பிறகு, "இனி வியாழக்கிழமை வராதோ? வாரும்" என்றார்.

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த வியாழன் வரை அந்த ஒரு கிழமையும் மழை வந்தால், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால், மனம் மாறினால் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வியாழன் மூன்றரைக்கே போய் நின்றேன். அக்கா கடைசிக் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"திறந்து காட்டும்."

கமராவின் பக்கத்து மூடியைத் திறந்தேன். குனிந்து பார்த்தார்.

"உந்தச் சின்னத் துண்டுக்கோ இவ்வளவு பாடு? அண்ணை, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ. சாட்சி வேணும்."

அண்ணை கரண்டியோடு வந்து, எட்டிப் பார்த்து, கடுமையான முகத்தோடு தலையாட்டினார்.

நான் கமராவை உயர்த்தினேன். அக்கா போன தரம் போலத் தள்ளி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டையின் நனைந்த கரையை உதறிவிட்டு நடுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் நிக்கிறன். இல்லாட்டிச் சனம் புதுசா வாங்கினது எண்டு நினைக்கும்."

அந்தப் படம் கடையில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே தொங்குகிறது. முதல் வியாழனே காட் இருந்திருந்தால் அதில் கிடாரங்கள் மட்டும்தான் இருந்திருக்கும். அக்காவுக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. சொல்லலாம் என்று பின்பக்கம் போகும்போதெல்லாம், என்னைக் கண்டதுமே "காட் போட்டீரோ?" என்று கேட்டுவிடுகிறார்.