பிரிட்ஜ் கதவில் ஒரு நட்சத்திரம்

நாங்கள் குடிபெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் அடுக்குமாடியில், அடுத்த வீட்டில் மாலினி இருக்கிறாள். பிறவியிலிருந்தே எதையும் விளங்கிக்கொள்ள அவளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். மூன்று வயது மகள் தியாவைத் தனியாக வளர்க்கிறாள். உதவிப் பணியாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் மேல்மாடிக் கமலா அன்ரியும் மாறி மாறிப் போவோம்.

போன வின்ரரில், குளிர் கடுமையாக இருந்த ஒரு நாள் தியாவுக்குக் கடும் காய்ச்சல். நான் போனதும் மருந்தைக் கரண்டியில் வார்த்தேன்.

"அக்கா, மருந்து குடுத்தாச்சு," என்றாள் மாலினி.

"உமக்கு ஞாபகம் இராது. நீர் கொஞ்சம் பேசாமல் இரும்," என்றேன்.

அவள் பிள்ளையின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று பிள்ளைகளை வளர்த்த எனக்கு இவள் சொல்லித் தருகிறாளா என்று எரிச்சல் வந்தது. கமலா அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், ஒரு மணித்தியாலத்துக்கு முதல் நான்தான் குடுத்தனான். மாலினி சொல்லேல்லையோ?"

கரண்டியில் இருந்ததைச் சமையலறை சிங்கில் ஊற்றினேன். பிறகுதான் பிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். பணியாளர் படம் வரைந்து ஒட்டிவிட்டிருந்த அட்டை அதில் இருந்தது. மருந்து கொடுத்ததும் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். அன்றைய கட்டத்தில் மாலினி ஒட்டியிருந்தாள். அந்த அட்டையை நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

இப்போது அந்த வீட்டில் எதையும் தொடுவதற்கு முன் மாலினியைக் கேட்கிறேன். பதில் சொல்ல அவளுக்கு நேரமெடுக்கும். காத்து நிற்கிறேன்.