மூன்றாவது ஜும்மா

புனிதாவைப் பற்றி ஆலையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நான் சொன்னால் கூடவே என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும்.

லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றின் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் பாய்லர்காரன். பெயர் நைனா முகம்மது, இருபத்திரண்டு வருட சர்வீஸ். புனிதா அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா முருகையா மருந்தடித்தவர், கணவன் சசிதரனுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பிள்ளைகள் இரண்டு. பதினொரு வருடமாக என் பாய்லரில் எரிக்கப் பழநாரும் கொட்டை ஓடும் தள்ளிவிடுகிறாள். காலையில் மோட்டாரை விட்டு இறங்கும்போதே புகைபோக்கியை நிமிர்ந்து பார்ப்பாள். "பாய், காத்து பத்தல லா, புகை கறுப்பா போவுது" என்பாள். போய்ப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாய்லர் ஓடுகிறவரை டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பரீட்சை எழுதி வாங்குகிற சான்றிதழைத்தான் நாங்கள் டிக்கெட் என்போம். வெள்ளிக்கிழமை பகலில் நான் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பும்வரை எனக்காக நின்றவர் சன்னாசி. இருபது வருடம், முகம் சுளிக்காமல் நின்றார்.

எனக்கு வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே தொடங்கிவிடும். நகம் வெட்டி, தலைக்குக் குளித்து, அத்தர் பூசி, வெள்ளைச் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்கே வருவேன். மற்ற நாள் தொழுகையைப் பம்பு அறை ஓரத்தில் தனியாகத் தொழுதுகொள்ளலாம். வெள்ளிப் பகல் ஜும்மா அப்படியில்லை. தோளோடு தோள் உரச நிற்க வேண்டும், இமாமின் குத்பா பிரசங்கத்தை வாய் திறக்காமல் கேட்க வேண்டும். மேனேஜரும் வேலை வாங்கும் மண்டோரும் மருந்தடிக்கிறவனும் ஒரே வரிசை. வாரம் முழுக்கக் கொதிக்கிற என் மண்டை அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆறும்.

சன்னாசி ஓய்வு பெற்றுக் கெமாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன முதல் வெள்ளியே எனக்கு ஜும்மா தவறியது. சாயங்காலம் இமாமைப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பதிலாக நிற்க ஆளே இல்லை என்றேன். ஆள் இல்லையென்றால், விட்டுவிட்டு வந்தால் ஆபத்து என்றால், உன்மேல் குற்றமில்லை, வழக்கமான பகல் தொழுகை லுஹரைத் தொழுதுகொள் என்றார். அலட்சியமாக மூன்று ஜும்மாவை விட்டவனின் இதயத்தில் முத்திரை விழுந்துவிடும், அதை மட்டும் மறந்துவிடாதே என்றும் சொன்னார்.

நான் அவரிடம் சொன்னது பொய். புனிதா டிக்கெட் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. சோறு வடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, அப்புறம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை பாஸ். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பாய்லர் உங்க பொறுப்பு. சன்னாசி இடத்துல புனிதாவைப் போடலாமா?" என்று கேட்டார். "பொம்பளைப் பிள்ளை சார், இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று நான்தான் தட்டிக்கழித்தேன். பதினொரு வருடம் பழகியவளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

இரண்டாவது வெள்ளியும் போனது. பம்பு அறை ஓரத்தில் லுஹருக்குக் கையைக் கட்டி நின்றேன். பத்தடி தள்ளி அவள் நாரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லை என்று இமாமிடம் சொல்லலாம், அல்லாஹ்விடம் எப்படிச் சொல்வது? எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

மூன்றாவது வெள்ளி, பன்னிரண்டரை மணிக்கு அவள் முன்னால் போய் நின்றேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"புனிதா, கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் கண்ணுக்கே தெரியல. என்னா செய்வே?"

"தண்ணி விடமாட்டேன். மொதல்ல தீயை நிறுத்துவேன். காஞ்ச இரும்புல பச்சத்தண்ணிய விட்டா பாய்லரோட நாமளும் சேர்ந்து போயிருவோம்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதக் கேக்கவா பாய் ரெண்டு வெள்ளிக்கிழமைய விட்டீங்க?"

எனக்கு முகம் எரிந்தது. "நீ நிக்கிறியா?"

"நிக்கத்தான் படிச்சேன். பாய்லர் புத்தகத்துல என் பேர எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் போங்க."

நேரம், பிரஷர், புனிதா த/பெ முருகையா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மோட்டாரைப் பாத்து ஓட்டுங்க பாய். பழக்குலை லாரி வர்ற நேரம்" என்றாள்.

குத்பா நடக்கும்போது பாய்லர் நினைப்பே வரவில்லை. அவள் கையில் இருக்கிறது, எனக்கென்ன கவலை? வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. தொழுகை முடிந்து இமாம் கை கொடுத்தார். ஆள் கிடைத்துவிட்டாரா என்று மலாய் மொழியில் கேட்டார். ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுச் செருப்பை மாட்டியிருக்கலாம். ஆள் மூன்று மாதமாக அங்கேதான் இருக்கிறாள், நான்தான் இல்லையென்று உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் என் கையை விடாமல், இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது பிரஷர் முள் அசையாமல் நின்றது. அவள் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புனிதா, ஆளே இல்லேன்னு பள்ளிவாசல்ல பொய் சொன்னேன். மேனேஜர்கிட்டயும் உன்னைத் தடுத்தது நான்தான். தப்பு என்னோடது."

"தெரியும் பாய்" என்றாள். டூட்டி லிஸ்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள். "வருசம் முடியிற வரைக்கும் எல்லா வெள்ளிக்கும் என் பேர இப்பவே எழுதிருங்க."

உட்கார்ந்து எழுதினேன்.