நாலு மில்லிமீட்டர் பயம்

தோல் கிளினிக்கில் நர்ஸாக இருப்பவளின் முதல் வேலை, ‘பயாப்ஸி’ என்ற வார்த்தையைக் கேட்டு எழுந்து நிற்பவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைப்பது. காக்ஸ் டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் கையிலும் அப்படி ஒரு சீட்டு இருந்தால் கூச்சப்படாதீர்கள். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாமெல்லாம் ஒரே கட்சி.

கண்ணை மூடிய ஆட்டோக்காரர்

ஜீவனஹள்ளி முருகேஷுக்கு முன்கையில் சிவப்பாக ஒரு படை. நாலு மாதம் களிம்பு போட்டும் போகவில்லை. “சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம்” என்று டாக்டரம்மா சொன்ன அன்று போனவர், மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். ஆறடி ஆள். படுக்கும்போதே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மரத்துப்போற ஊசி போடும்போது பத்து எண்ணுற நேரம் எரியும். அதுக்கப்புறம் தொடுறது தெரியும், வலி தெரியாது” என்றேன். கண்ணை இறுக்க மூடி ஆஞ்சநேயரைக் கூப்பிட ஆரம்பித்தார். பேனா முனை மாதிரி இருக்கும் நாலு மில்லிமீட்டர் வட்டக் கத்தியை டாக்டரம்மா வைத்து அழுத்தித் திருப்பினார், துண்டை எடுத்து மருந்துப் பாட்டிலில் போட்டார், ஒரு தையல் போட்டார். நான் பிளாஸ்திரி ஒட்டியும் ஆஞ்சநேயர் ஓயவில்லை. தோளைத் தட்டி “முடிஞ்சுது” என்றேன். நம்பாமல் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உளுந்து அளவுக்கு ஒன்று அடியில் கிடந்தது.

“இதுக்கா சிஸ்டர் மூணு நாளா வண்டி எடுக்காம பேஜாராயி உக்காந்துனு இருந்தேன்?”

தனி டம்ளர்

பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் தைக்கிற கவிதாவுக்கு மேல்கையில் வெளுப்பாக ஒரு திட்டு. அக்கம்பக்கத்தில் யாரோ “தொழுநோயா இருக்கும்” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இரண்டு வயசு மகளைத் தூக்கக்கூட விடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“பார்த்தா தேமல் மாதிரிதான் இருக்கு. தொழுநோயாவே இருந்தாலும் மாத்திரையில முழுசா குணமாகும், ஒதுக்கி வைக்க வேண்டிய வியாதி இல்ல. சந்தேகம் வேண்டாம், டெஸ்ட் பண்ணிடுவோம்” என்றார் டாக்டரம்மா. ஊசிக்குக் கவிதா முகம்கூடச் சுளிக்கவில்லை. “ஒரு நாள் தண்ணி படக் கூடாது, பத்து நாள் கனம் தூக்கக் கூடாது” என்று நான் சொன்னபோது, “எங்க வீட்ல என்னை எதையும் தொட விடறதில்லையே சிஸ்டர்” என்றாள்.

தையல் பிரிக்க வந்த அன்றே ரிப்போர்ட்டும் வந்திருந்தது. வெறும் தேமல். டாக்டரம்மா படித்துச் சொன்னதும் அவள் முதல்முறையாக அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒரு பேனாவை நீட்டினாள்.

“அந்த வியாதி இல்லைன்னு தமிழ்ல பெருசா எழுதிக் குடுங்க சிஸ்டர், எங்க வீட்டுக் கதவுல ஒட்டணும்.”

டீச்சரின் மார்க்

எல்லா ரிப்போர்ட்டும் அப்படி வந்துவிடாது. ஸ்டெல்லா டீச்சர் பக்கத்துத் தெருக்காரர், ரிட்டயர் ஆனவர். மூக்கோரம் பளபளப்பாக ஒரு கொப்புளம், முகம் கழுவும்போதெல்லாம் ரத்தம் கசியும். ஏதோ பரு என்று ஒரு வருஷம் விட்டுவிட்டு, பிறகுதான் எங்களிடம் துண்டு எடுத்துக்கொள்ள வந்தார்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா வெயிலைப் பற்றிப் பேசினார், வயசைப் பற்றிப் பேசினார். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். “முப்பது வருஷம் பெத்தவங்களைக் கூப்பிட்டு ஃபெயில் மார்க் சொன்னவ நான். சுத்தி வளைக்காம சொல்லுங்க டாக்டர்.” தோல் புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக வளர்கிற வகை, வெட்டி எடுத்தால் போதும் என்றார் டாக்டரம்மா. டீச்சர் தலையாட்டினார். அவருடைய கைப்பை மட்டும் மடியிலிருந்து நழுவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எடுத்த துண்டின் ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை என்ற ரிப்போர்ட்டோடு, மூக்கோரம் மெல்லிய தழும்போடு, எங்களைப் பார்க்க வந்தார்.

“சப்ளிமெண்டரியில பாஸ் பண்ணிட்டேன்னு எழுதிக்கோங்க.”

என் குதிகால்

போன வருஷம் சாக்ஸைக் கழற்றிச் செருப்பு மாற்றும்போது என் குதிகாலில் இருந்த கறுப்பு மச்சத்தை டாக்டரம்மா பார்த்துவிட்டார். “எத்தனை நாளா விமலா?” என்றார். “ரொம்ப நாளா அப்படியேதான் இருக்கு” என்று பொய் சொன்னேன். அது பெரிதாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே ஐந்து மாதம் சாக்ஸ் போட்டு மறைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே எடுத்தார்கள். குதிகாலில் போடுகிற ஊசி பத்து எண்ணி முடிவதில்லை, இருபத்தைந்து வரை போனது. நடப்பது ஒரு வாரம் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், லேப் கவர்களைத் தினமும் வாங்கி வைப்பதே நான்தான். ஒவ்வொரு கவரிலும் என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்றால் நிம்மதி, அடுத்த நிமிஷமே வருத்தம்.

ஒன்பதாவது நாள் காலையில் என் பெயர் போட்ட கவர் இருந்தது. டாக்டரம்மா இன்னும் வரவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் சாந்தாக்காவிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், பதற்றம் வந்தால் மட்டும் கன்னடம் கலந்துவிடும். கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தாலேயே என் தலையில் ஒரு அடி வைத்தார்.

“ஏனூ இல்ல, ஒன்னுமே இல்ல, பரீ மச்சம், வெறும் மச்சம்! போய் முதல்ல நாஷ்டா பண்ணு, ஒன்பது நாளா உன் மூஞ்சியைப் பாக்க முடியல.”

பயாப்ஸிச் சீட்டு கிடைத்தால் அன்றைக்கே போய்ப் படுத்துவிடுங்கள், ஏனென்றால் தள்ளிப்போடுகிற நாட்களுக்கு மரத்துப்போகிற ஊசி எந்த கிளினிக்கிலும் கிடையாது.