மாமனார் பெயரைச் சொன்ன மருமகள்

ஜிபார் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது பாலுக்காகத்தான். அவள் கணவன் எர்மெக் கட்டட வேலைக்கு மாஸ்கோ போய்விட்டான். எங்கள் தெருவில் வீடுவீடாகப் பால் வாங்கி, பக்கத்து டவுனான கொச்கோரில் உள்ள பால் நிலையத்தில் சேர்க்க ஆள் இல்லை. மைத்துனன் குபாத் எழுந்திருப்பதற்குள் வெயில் ஏறிப் பால் திரிந்துவிடும். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் மருமகள் வண்டி ஓட்டுவது அதுவே முதல் முறை. அவள் மாமனார் துர்தாகுன் கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர் ஓட்டியவர். நேராக அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டார். அவள் காதில் விழும்படி மனைவியிடம் சொல்வார்.

"ஆட்டை ஒழுங்கா ஓட்டத் தெரியாது. காரை ஓட்டப் போறாளாம். நம்ம வேலியை இப்பவே பிரிச்சு வச்சிடு. அவளுக்கு வசதியா இருக்கும்."

அந்தப் பள்ளியில் முதலுதவிக்கும் வகுப்பு உண்டு. ஆண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார்கள். ஊருக்குத் திரும்பும் வேன் மாலையில்தான் என்பதால் ஜிபார் உட்கார்ந்திருந்தாள். பாடம் நடத்தியவர் சோனுன் அம்மாள். ஆம்புலன்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலில்லாத ஒரு ரப்பர் பொம்மையை மேசையில் கிடத்தி, "கால் எங்கன்னு தேடாத. மூச்சு இருக்கான்னு பாரு" என்பாராம். கேட்க ஒரே ஒரு ஆள் இருந்ததால் எல்லாவற்றையும் அவளையே செய்ய வைத்தார். கட்டுப் போட வைத்தார். தன்னையே நோயாளியாக்கிக்கொண்டு, அவளைப் பின்னால் நிற்க வைத்து எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டினார். ஜிபாருக்கு அது பிடித்துவிட்டது. உரிமம் வாங்கிய பிறகும் கொச்கோர் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்துவிட்டு வருவாள்.

வீட்டில் அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை. ஒரு நாள் நாத்தனார் மீரிம் கையில் கொதிக்கும் தேநீரைக் கொட்டிக்கொண்டாள். மாமியார் சபிரா பாலேட்டுக் கிண்ணத்தோடு ஓடி வருவதற்குள் ஜிபார் அவளை முற்றத்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி, கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. மீரிம் குளிருகிறது என்று அழுதாள்.

"எங்க அம்மா காலத்துல இருந்து பாலேடுதான் தடவறோம். யாரு செத்தா?" என்றார் சபிரா.

"சூடு உள்ள இறங்காம இருக்கணும்மா. பாலேடு தடவினா சூடு உள்ளயே நின்னுடும்."

புண் தழும்பில்லாமல் ஆறியது. ஆனால் சபிரா அம்மாளுக்குக் கோபம் ஆறவில்லை. துர்தாகுன் அன்று முதல் மருமகளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்தார். சூப்பில் உப்பு குறைந்தாலும், "டாக்டரம்மா இதுக்கு என்ன வைத்தியம் சொல்றாங்கன்னு கேளு" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் என் பேத்தி நடக்க ஆரம்பித்தாள். காலில் கயிறு கட்டி அறுக்கும் சடங்கு வைத்து விருந்து போட்டோம். குதிரை வெட்டியிருந்தோம். துர்தாகுனுக்கு, மூத்தவர்களுக்கு வைக்கும் மரியாதை எலும்போடு இறைச்சி வைத்தேன். அவருக்கு மேல்வரிசை கட்டுப்பல். மெல்லுவதைவிட விழுங்குவதே அதிகம், அதுவும் பேசிக்கொண்டே. பழைய குதிரைப் பந்தயம் ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தார். ஜிபார் தலையில் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வாசலோரமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பாதிக் கதையில் அவர் நின்றார். யோசிக்கிறார் என்றுதான் நினைத்தோம். பிறகு கை தொண்டைக்குப் போனது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இருமலும் வரவில்லை. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். யாரோ கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். முகம் சிவந்து, உதடு நீலம் பாயத் தொடங்கியது.

ஜிபார் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனார்மேல் கை படாமல் இருக்க வேண்டும், முதுகைக் காட்டக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. அவளும் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தாள். அந்த நேரத்திலும் அவள் முதலில் குபாத்தைத்தான் பார்த்தாள்.

"குபாத், தண்ணி குடுக்காத. அவரை முன்னால சாய்ச்சு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஓங்கி அடி."

குபாத் தட்டினான். குழந்தைக்கு ஏப்பம் வர வைப்பதுபோல.

"ஓங்கி அடிடா."

"அப்பாவையா?" என்றான் குபாத்.

அதற்குமேல் அவள் காத்திருக்கவில்லை. விரிப்பில் இருந்த ரொட்டிகளைத் தாண்டிப் போய், அவரைக் குனிய வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அடித்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக இழுத்தாள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். சபிரா, "ஏய், என்ன பண்றே நீ?" என்றார். துர்தாகுனின் தலை தொங்க ஆரம்பித்தது. அவர் நினைவு போகிறதோ என்ற பயத்தில் ஜிபார் உரக்கக் கூப்பிட்டாள். அத்தா என்றால் எங்களுக்கு அப்பா.

"துர்தாகுன் அத்தா, கேக்குதா? துர்தாகுன் அத்தா!"

அடுத்த இழுப்பில் கட்டுப்பல்லும் கொழுப்புத் துண்டும் சேர்ந்து விரிப்பில் வந்து விழுந்தன. அவர் மூச்சை இழுத்த சத்தம் சமையல் அறை வரை கேட்டது. பிறகு நீண்ட நேரம் இருமினார்.

விருந்து அதோடு கலைந்தது. ஊர்ப் பெண்களின் பேச்சு என் காதிலும் விழுந்தது. கட்டிப் பிடித்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. உயிர் போகும் நேரம். ஆனால் பெயரைச் சொன்னதைத்தான் அவர்களால் தாங்கமுடியவில்லை.

"காப்பாத்தினே, சரி" என்றார் சபிரா. "பேரை எதுக்கு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினே? நான் கட்டிக்கிட்டு வந்து நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஒரு தடவை சொல்லியிருப்பேனா?"

"பேரைச் சொன்னாத்தாம்மா தெரியும், அவருக்கு நினைவு இருக்கா இல்லையான்னு."

ஜிபாருக்கு அதைவிட வேறு கவலை இருந்தது. வயிற்றை அப்படி அழுத்தினால் உள்ளே அடிபட்டிருக்கலாம், மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும் என்று சோனுன் அம்மாள் சொல்லியிருந்தார். துர்தாகுன் முடியாது என்றார். நாள் முழுக்க மருமகள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்டும்போது விலாவில் வலி பிடித்துக்கொண்டது. பேசாமல் போய்க் காரின் முன் இருக்கையில், பால் கேனை நகர்த்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பயணத்தில் நடந்ததை ஜிபாரே எனக்குச் சொன்னாள். பாதி வழியில் அவர், "கியரை இவ்வளவு சீக்கிரம் மாத்தாத" என்றார். அடுத்த முறை தாமதித்து மாற்றினாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நேத்து எனக்குக் காது அடைச்சிடுச்சு. யாரு பேசறதும் கேக்கல" என்றார். "என் பேரு மட்டும் கேட்டுது. எங்க அம்மா போனதுக்கு அப்புறம் எந்தப் பொம்பளையும் கூப்பிட்டதில்ல. அவதான் கூப்பிடறாளோன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிடுங்க அத்தா" என்றாள் ஜிபார்.

"எதுக்கு? பல்லு விழுந்ததுக்கா? அதை விருந்துக்கு வந்தவங்க மன்னிக்கணும்."

மருத்துவமனையில் பார்த்ததில் விலா எலும்பில் சிறு கீறல். வேறொன்றும் இல்லை. ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அவர் அதையே சாக்காக வைத்து விறகு பிளக்கும் வேலையைக் குபாத் தலையில் கட்டினார். 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் இப்போது அவளைப் பார்த்தே கூப்பிட்டார்.

சபிராதான் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தார். பனி விழ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நான் மாவு கடன் கேட்கப் போனேன். அடுப்படியில் மீரிமைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு சபிரா நிற்கிறார். ஜிபார் அவர் முஷ்டியைக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இது நெஞ்செலும்பும்மா. இன்னும் கீழ."

"இவளுக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியலியே. எங்கன்னு தேடறது?" என்றார் சபிரா. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, "என்ன பாக்கறே? நீயும் வந்து நில்லு. உன் புருஷனும் பேசிக்கிட்டேதான் திங்கறாரு" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் மலையிலிருந்து ஒரு மேய்ப்பன் பனிக்கடியால் விரல்கள் வெளுத்து, உணர்ச்சியில்லாமல் அவர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். ஜிபார் பால் கொண்டு போயிருந்தாள். கூட வந்தவன் பனியை அள்ளி விரல்களில் தேய்க்கப் போனான். "தேய்க்காத, தோல் பிஞ்சிடும்" என்று சபிரா அவன் கையைத் தட்டிவிட்டார். வோட்கா பாட்டிலையும் பிடுங்கி வைத்தார். மேய்ப்பனை அடுப்பிலிருந்து தள்ளி உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை முக்கினார். ஜிபார் வரும் வரை தன் முழங்கையைத் தண்ணீரில் விட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜிபார் அவனைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.