ஒருவர் இன்னும் உள்ளே

அந்த நூலகத்தில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் மின்பெட்டிகளைச் சோதிக்க, கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதற்கு முன் புத்தகப் பட்டியல் இருக்கும் யூனிக்ஸ் கணினியை அணைப்பது அவர் வேலை. பிரிவில் ஆறு பேர் இருந்தபோது வைத்த பெயர் அது. மற்ற ஐவரும் ஓய்வு, மாற்றல் என்று போய்விட்டார்கள். மூன்றாம் மாடியில் மின்விசிறி இரைச்சலோடு இப்போது அவர் மட்டும். காலையில் காவலாளியிடம் பேசினால், அடுத்த பேச்சு மாலையில் அதே காவலாளியிடம்தான்.

ஒருமுறை யாரோ அவசரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட, பாதி எழுதிய பட்டியல் சிதைந்தது. பதினொரு நாள் வாசகர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகுதான் கையேட்டை வரிவரியாகப் படித்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகள் கொண்ட சின்னக் கோப்பு. முதலில் அதோடு இணைந்த எல்லாத் திரைகளுக்கும் ‘சேமித்துவிட்டு வெளியேறுங்கள்’ என்று சொல்லும். பிறகு ஓடும் நிரல்களை முடித்துக்கொள்ளச் சொல்லி முப்பது விநாடி பொறுக்கும், அடம்பிடிப்பவற்றை நிறுத்தும். நினைவகத்தில் மிச்சமிருப்பதை வட்டில் எழுதி, கோப்புகளை மூடி வட்டை விடுவித்து, கணினியை அணைக்கும். அவராகச் சேர்த்த விதி ஒன்று உண்டு: ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் மேலே போகாது.

அறிவிப்பின் அடியில் மாதாமாதம் புதிதாக ஒரு வரி சேர்ப்பார். ‘மழை மூட்டமாக இருக்கிறது, துணி காயப்போட்டவர்கள் ஓடுங்கள்’ என்பது போல. முன்பெல்லாம் பதிலுக்குக் கேலி வரும். வருடக்கணக்காக ஒன்றுமில்லை. சுவரோடு பேசுவானேன் என்று இந்த மாதம் அந்த வரியை விட்டுவிட்டார்.

இரண்டேகாலுக்கு ஸ்கிரிப்டை ஓட்டினார். மின்சாரம் மூன்றுக்குப் போகும். ‘ஒருவர் இன்னும் உள்ளே’ என்றது திரை. அடித்தளக் கிடங்கின் கணினி. இன்னும் இருமுறை அறிவிப்பு அனுப்பியும் அசைவில்லை. கிடங்குத் தொலைபேசிக்கு அடித்தார்; மணி போய்க்கொண்டே இருந்தது. விதியைத் தாண்ட ஒரு விசை போதும். ஆனால் அங்கே யாருடைய வேலை அரைகுறையாகக் கிடக்கிறதோ. எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, பத்து நிமிஷம் பொறுங்களேன்.”

“பூட்டு சார், எனக்கும் வீடு வாசல் இருக்கு. மூணு அடிச்சா இறக்கிடுவேன்.”

படிகளில் இறங்கி ஓடினார். அலமாரிகளுக்குப் பின்னால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பழைய அட்டைகளைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவரைப் பூட்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

“அறிவிப்பு பாக்கலையாம்மா?”

“மூணு தடவ வந்துச்சு. நீங்க போட்டதில்லன்னு நெனச்சேன்.”

“ஏன்?”

“கீழ ஒரு வரி இருக்குமே, அதக் காணோம். மெஷின் தானா உளறுதுன்னு விட்டுட்டேன்.”

“போன் அடிச்சனே.”

“அது செத்து மூணு வருஷமாச்சு.”

“எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?”

“ஒம்பது வருஷம். போன மாசம் துணி காயப்போட்டவங்க ஓடுங்கன்னீங்க. ஓடினேன். போறதுக்குள்ள நனைஞ்சுபோச்சு.”

“ஒரு பதில் போட்டிருக்கலாமே.”

“அறிவிப்புக்கு யாராவது பதில் போடுவாங்களா?”

அந்தப் பெண் கையிலிருந்த அட்டையை முடித்து, சேமித்து, கணினியிலிருந்து வெளியேறினார். மற்ற அட்டைகளை வரிசை குலையாமல் பெட்டியில் வைக்க வேண்டுமாம். பூட்டு மேலே ஓடினார். கதவைத் திறந்தபோது ஸ்கிரிப்ட் கடைசி வரிகளில் இருந்தது. வட்டு விடுபட்டது. மின்விசிறிகள் நின்றன. மூன்றுக்கு இரண்டு நிமிடம்.

தரைத்தளத்தில் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கைவைத்து நின்றார். “ஆச்சா?”

“மெஷின் ஆச்சு. கீழ ஒருத்தங்க இருக்காங்க. வந்துரட்டும்.”

“மணி மூணு சார்.”

“தெரியும்.”

நின்றார்கள். மூன்று கடந்து நாலைந்து நிமிடம் ஆனபின், தோள்பையோடு அந்தப் பெண் படியேறி வந்தார். காத்திருக்கும் இருவரையும் கண்டு நடையை எட்டிப்போட்டார்.

“எனக்காகவா நின்னீங்க?”

எலக்ட்ரீஷியன் கைப்பிடியை இறக்கினார். கூடத்து விளக்குகள் அணைந்தன. வாசல்வரை பூட்டு கூடவே நடந்தார்.

“உங்களுக்கு எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டுங்க.”

“எனக்கு இந்தப் பக்கம்” என்று பூட்டு எதிர்த்திசையைக் காட்டினார்.