உள்ளே விடாத துணி

குண்டான் என்பது புகுந்த வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். கல்யாணமான புதிதில் நாத்தனார் அடுப்பைப் பார்த்து, "அந்தக் குண்டானைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றாள். பாத்திரத்தைச் சொல்கிறாளா தன்னைச் சொல்கிறாளா என்று புரியாமல் இவளே அடுப்பை விட்டுத் தள்ளி நின்றாள். வீடு முழுக்கச் சிரித்தது, புருஷன் உட்பட. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயர். இவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்று இன்னொரு பெயர் வரும். ஒருத்தி எத்தனை பெயரைத்தான் சுமப்பாள்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டின துணி திருத்தும் கடையில் அவளுக்கு வேலை. புதுத்துணி தைக்கும் கடை இல்லை அது. இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பதும், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவதும்தான் தொழில். கடைக்கார அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்: "பிடிச்சுத் தைச்சா மிச்சத் துணியை வெட்டாதே, உள்ளேயே விடு. உடம்பு எப்ப என்ன செய்யும்னு அதுக்கே தெரியாது." வாடிக்கையாளர்களிடம் இவளும் அதையேதான் சொல்லிவந்தாள்.

அவளுடைய அம்மா சர்க்கரை நோயில் போனவள். முதலில் கால் விரல், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்த நாத்தனார், செருப்பை மாட்டிக்கொண்டே யாரிடமோ சொன்னாள்: "வாயைக் கட்டியிருந்தா காலை வெட்டியிருக்க வேண்டாம்." கதவுக்குப் பின்னால் நின்றிருந்த இவள் காதில் அது விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே அங்கேயே கிடந்தது.

பிறகு இவளுக்கும் சர்க்கரை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் சர்க்கரைக்கான புது மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனாள். டாக்டர் ஒரு தாளில் வயிற்றையும் குடலையும் வரைந்து காட்டினாள்.

"சாப்பாடு கீழே இறங்கினதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது மூளைக்குப் போய், 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். சர்க்கரையை அடக்கவும் அதுதான் கைகொடுக்கும். சில பேருக்கு அந்தச் சேதி சரியாப் போய்ச் சேர்றதில்ல. அந்தச் சேதியை ஊசி வழியா அனுப்பிப் பார்க்கப் போறோம்."

"அப்போ நான் தீனிப்பண்டாரம் இல்லையா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "யாரும்மா அப்படிச் சொன்னது? இது நோய்."

நோயாளி என்பது இத்தனை இனிப்பான சொல்லாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பாதிப் பேருக்குத்தான் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் தண்ணீர் ஊசி, யாருக்கு எது என்பது கடைசி வரைக்கும் தனக்கே தெரியாது என்று டாக்டர் தொடர்ந்து சொன்னதற்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். மனசு இன்னும் முந்தின பேச்சிலேயே நின்றிருந்தது.

வாரம் ஒரு ஊசி, தானே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசிக்கே குமட்டியது. மருந்துதான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். தட்டில் மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். புருஷனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "என்ன, தபால் வந்துடுச்சா?" என்பான், அவள் தட்டைத் தள்ளும்போதெல்லாம். "வந்துடுச்சு" என்பாள். ஆஸ்பத்திரியில் எடை பார்த்து, "நல்லா இறங்குதே" என்பார்கள். சர்க்கரையும் இறங்கியது.

ஒருநாள் துணிந்து நாத்தனாரிடம் சொன்னாள். "எங்கம்மாவுக்கும் இதே குறைதான் இருந்திருக்கும் அண்ணி. வாய் காரணமில்ல. குடல்தான்."

நாத்தனார், "என்னவோ, படிச்சவங்க சொன்னா சரி" என்று எழுந்து போனாள். அந்த வீட்டில் இவள் ஜெயித்த ஒரே பேச்சு அது.

அந்த வாரம் தன் நீல ரவிக்கையைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துத் தைத்தாள். தைத்து முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே மடங்கிக் கிடந்த துணியை இரண்டு பக்கமும் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் கடைக்கார அக்கா.

"இனிமே அது எதுக்கு அக்கா?"

ஆராய்ச்சி முடிந்ததும் கூப்பிட்டார்கள். புருஷனும் கூட வந்தான். டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்குக் கிடைச்சது தண்ணி ஊசிம்மா. ஆனா பாருங்க, நீங்களாவே இவ்வளவு இளைச்சிருக்கீங்க. பெருமைப்படணும்."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ என் குடல்? அந்தச் சேதி?"

"மருந்து போட்டவங்களுக்கு உங்களைவிட நல்லாவே குறைஞ்சிருக்கு. அதனால நாங்க நினைச்சது சரிதான்."

"எனக்கு, டாக்டர்?"

"கூட்டத்தை வச்சுத்தான் சொல்ல முடியும். தனியா ஒரு ஆளைப் பத்தி எங்களால சொல்ல முடியாதும்மா."

அந்த மருந்து இனி கிடைக்குமா என்று புருஷன் கேட்டான். கடைக்கு வர நாளாகும், வந்தாலும் விலை அதிகம் என்றாள் டாக்டர்.

இவள் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டாள். புருஷன்தான் பெருமை தாங்காமல் வீட்டுக்குள் நுழையும்போதே தன் அக்காவிடம் சொன்னான். "வெறும் தண்ணியாம்க்கா! எல்லாம் இவளாவே செஞ்சது!"

நாத்தனார் கையிலிருந்த துணியை நிதானமாக மடித்து வைத்தாள். "அப்போ வாயைக் கட்ட முடிஞ்சுதானே இருக்கு. இத்தனை நாளா மனசுதான் வரல." அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "உங்கம்மாவுக்கும்தான்" என்றாள்.

புருஷன் கைகால் கழுவப் போனான்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். இளைத்தபடியே இருந்தால் நாத்தனார் சொன்னது மெய்; பெருத்தால் அதைவிட மெய். ஊசியில்லாத வாரங்களில் பசி பழைய வழியிலேயே திரும்பி வந்தது. தட்டைத் தள்ளக் கை வரவில்லை. தபால் வந்துதா என்று யாரும் கேட்பதும் நின்றுபோயிற்று.

நீல ரவிக்கை அக்குளில் இறுகித் தையல் விட்டுப்போனபோது கடையில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். பிரித்து விட உள்ளே எதுவும் இல்லை. கடைக்கார அக்கா பார்த்தாள், சொல்லிக் காட்டவில்லை. துண்டுத்துணி மூட்டையில் தேடி ஒரு சாம்பல் நிறப் பட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இதை ரெண்டு பக்கமும் வச்சுத் தை. கை ஓரத்துல தெரியாது."

"தெரியும்க்கா" என்றாள். பட்டையைப் பொருத்தி, உள்ளே நாலு விரல் துணியை விட்டு ஊசி குத்தினாள்.

"இவ்வளவு எதுக்கு விடறே?"

"தனியா ஒரு ஆளைப் பத்தி டாக்டருங்களால சொல்ல முடியாதாம். என் உடம்பை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.