ரோவேனா பேசியதெல்லாம் கேட்டது

ரோவேனா ஸ்டாசியாக் இருபத்துமூன்று வருடம் பேருந்து ஓட்டினாள். அதில் பதினோரு வருடம் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினாள். தங்கை லெனோர் அந்தப் பேருந்தில் ஒருநாளும் ஏறியதில்லை. இரண்டு மணி நேரத் தொலைவில், வேறொரு ஊரில் இருந்தாள். இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதனால் தங்கையின் பங்கையும் சேர்த்து ரோவேனாவே பேசிக்கொள்வாள்.

பழைய டீசல் வண்டிகளில் இது யார் காதிலும் விழாது. பின்னால் எஞ்சின் இரையும். முன்னால் காலடியில் ஹீட்டர் விசிறி ஊளையிடும். ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடும். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு, கண்ணைச் சாலையில் வைத்து, உதட்டை லேசாக அசைத்து அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போவாள். ஓட்டுநருக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கிறவர்கள் சூயிங்கம் மெல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் இந்தப் பேச்சு வராது. இரண்டு குடித்தன வீட்டின் மாடிப் பகுதியில் தனியாக இருந்தாள். புருஷன் என்றொருவன் இருந்தான். இருபது வருடத்துக்கு முன்பே வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் சூப் டப்பாவைச் சூடுபண்ணி, டிவி முன்னால் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும்.

அவள் ஓட்டியது நாற்பத்தொன்றாம் தடம். ரயில் நிலையத்தில் கிளம்பி, மூடிக் கிடக்கும் உருக்காலை வழியாக, மருத்துவமனை வாசலில் நின்று, நெடுஞ்சாலை ஓரத்துக் கடைத்தொகுதி வரை போய்த் திரும்பும். அந்த மருத்துவமனையில்தான், மூன்றாவது மாடியில், பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை அவள் அம்மா இறந்துபோனாள். அன்று ரோவேனா வேலையில் இருந்தாள். அவள் பேருந்து அன்றைக்கு ஏழு தடவை மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. ஏழு தடவையும் மேலே நிமிர்ந்து பார்த்தாள். வேலை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லெனோர் சொன்னாள்: "வாசல்ல வந்து வந்து நின்னியே, பஸ்ஸை விட்டு இறங்கி மேல வரத் தெரியலையா உனக்கு?" எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். ரோவேனா தட்டை வைத்துவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அதற்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் மறுவாரத்திலிருந்து நாற்பத்தொன்றாம் தடத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்படியே பதினோரு வருடம் போனபின், ஒரு செப்டம்பரில் புறநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒன்பது மின் பேருந்துகள் வந்தன. டிப்போவில் ரிப்பன் வெட்டி, டோனட் கொடுத்தார்கள். டிப்போ மேலாளர் கென்ட்ரிக் மாஸ் ஓட்டுநர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார்.

"என் வீட்டு ஃப்ரிட்ஜ் இதைவிடச் சத்தம் போடும்" என்றான் ஒருவன்.

"இனிமே பஸ் வருதான்னு எட்டிப் பாக்க வேணாம். இடிச்சதும் தெரிஞ்சுக்கலாம்" என்றான் இன்னொருவன்.

"சிரிங்க சிரிங்க" என்றார் கென்ட்ரிக். "ரோவேனா, பணிமூப்புல நீதான் முதல். உனக்கு எந்த வண்டி வேணும்னு சொல்லு."

அவள் முதலில் நின்ற வண்டியைக் காட்டினாள். நல்ல வண்டிதான். தொட்டால் வழுக்கிக்கொண்டு போனது. இருக்கையின் அதிர்வு போனதும் இடுப்பு வலியும் போயிற்று.

அவள் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று யாராவது அளந்தா பார்ப்பார்கள்? பதினோரு வருடத்துப் பழக்கம். மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே உதடு தானாக அசைய ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் சண்டை முற்றிப்போய், "வேலையை யாரு பாப்பாங்க, உங்கப்பனா?" என்று லெனோரைக் கேட்டாள். உடனே லெனோராகி, "உனக்கும் எனக்கும் ஒரே அப்பன்தான்டி" என்றாள். பின்னாலிருந்து குபீரென்று சிரிப்பு வந்தது. யாரோ செல்போனில் ஏதோ பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். புது வண்டி வந்ததிலிருந்து பயணிகள் அமைதியாக வருவதைக்கூடக் கவனித்தாள். முன்பெல்லாம் இரைச்சலை மீறிக் கத்திப் பேசுவார்கள். இப்போது வாயே திறப்பதில்லை. வண்டியின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள்.

ஹாலிஸ் பீட்டி என்று ஒரு கிழவர் வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியில் வருவார். முப்பத்தைந்து வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது அவருக்கு இன்னும் மனப்பாடம். சிறுநீரகம் பழுதாகி, ரத்தம் சுத்தம் செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போகிறவர். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கைதான் அவருக்கு.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவமனைக்கு முந்தைய சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ரோவேனா சொல்லிக்கொண்டிருந்தாள்: "கடைசி மூணு நாள் வந்து உக்காந்தே நீ. ஆறு மாசம் அவளைக் குளிப்பாட்டினது யாரு? அதை ஏன் சொல்ல மாட்டேங்கறே?"

"அதை யாருடி இல்லேன்னாங்க? அன்னிக்கு எங்க போனே?" என்று லெனோராகவும் அவளே கேட்டாள்.

ஹாலிஸ் முன்னால் குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காத ரோவேனா. அன்னிக்கு மாத்து ஓட்டுநர் ஒருத்தர்கூடவா கிடைக்கல? அதை நீ உன் தங்கச்சிகிட்ட சொல்லவே மாட்டேங்கறியே. சொன்னீன்னா லெனோர் வாயடைச்சுப் போயிடுவா."

ரோவேனா திரும்பிப் பார்த்தாள்.

"யாரு லெனோர்?"

ஹாலிஸ் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். அவருக்கு அடுத்திருந்த, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண், "நாங்கெல்லாம் உங்க பக்கம்தாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"நான் லெனோர் பக்கம்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. ரோவேனா வண்டியை எடுத்தாள். அம்மணமாகத் தெருவில் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

ஹாலிஸ் கேட்ட கேள்வி அதைவிட மோசம். அம்மா இறந்த அன்றைக்கு மாற்று ஓட்டுநர் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் டிப்போவில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கே மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு, "இன்னிக்கு வந்துடறது நல்லது" என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மாவின் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது. வண்டி ஓட்ட முடியும். அதனால் ஓட்டினாள். இந்த ஒன்றை மட்டும், பேருந்தில் வருகிற லெனோரிடம்கூட அவள் சொன்னதில்லை.

மறுவாரம் கென்ட்ரிக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"யாரு எழுதினாங்கன்னு கேக்காத. ஓட்டுநர் தனக்குத்தானே சண்டை போடறாங்க, வண்டியில ஏற பயமா இருக்குன்னு வந்திருக்கு."

"பேசினது நிஜம்தான்."

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

கென்ட்ரிக் நெற்றியைத் தேய்த்தார். "இருபத்துமூணு வருஷத்துல உன் மேல ஒரு சின்ன உரசல்கூட எழுதினது இல்ல. ஆனா இப்படிப் புகார் வந்துட்டா டாக்டர்கிட்ட அனுப்பித்தான் ஆகணும். கோவிச்சுக்காத."

டாக்டர் சின்ன வயசுப் பெண். "குரல் ஏதாவது கேக்குதா உங்களுக்கு?" என்றாள்.

"என் குரல் எல்லாருக்கும் கேக்குது. அதான் சிக்கல்."

மூன்றாம் நாள் வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரோவேனா திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். அன்றிலிருந்து வாயைத் தைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த வண்டி எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. யாரோ கையுறை கழற்றுகிற சத்தம் கேட்டது. காகிதப் பையிலிருந்து ஆப்பிள் எடுக்கிற சத்தம் கேட்டது. பயணிகள் ஏறும்போது அளவுக்கு மீறி மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றார் ஹாலிஸ், இறங்கும்போது.

"நீங்க சொல்லலைன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க. படி வழுக்கும், பாத்து இறங்குங்க."

ஜனவரியில் ஏரிப் பக்கமிருந்து பனிக்காற்று வீச ஆரம்பித்தது. குளிரில் பேட்டரி பாதி நாளிலேயே இறங்கிவிடும். பாதி ஓட்டத்துக்கு, மீதி ஹீட்டருக்கு என்று போய்விடும். மதியத்துக்கு மேல் ஓட்ட, ஓரம்கட்டி வைத்திருந்த டீசல் வண்டிகளை மறுபடி எடுத்தார்கள். மற்றவர்கள் முனகினார்கள். ரோவேனா தானே போய்க் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிக்கொண்டு உயிர்பெற்றது. அந்த இரைச்சல் காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிலையத்தைத் தாண்டினாள், ஆலையைத் தாண்டினாள். மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் உதட்டைத் திறந்து, "ம், சொல்லு" என்றாள்.

லெனோர் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ஹாலிஸின் கேள்விதான் வந்து நின்றது: மாற்று ஓட்டுநர் ஒருவர்கூடவா இல்லை? மூன்று நாள் முயன்றாள். இரைச்சல் இருந்தது, ஆள் இல்லை. நான்காம் நாள் விட்டுவிட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில், உறவுக்காரி ஒருத்தியிடம் எண் வாங்கி லெனோருக்குப் போன் போட்டாள்.

"நான் ரோவேனா பேசறேன்."

"யாரு செத்துட்டாங்க?" என்றாள் லெனோர்.

"யாரும் சாகல. ஞாயித்துக்கிழமை சும்மா வந்து பாக்கலாமான்னு கேட்டேன்."

"வாயேன். பகல்ல வா, இங்க பனி அள்ளறவன் லேட்டாத்தான் வருவான்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். லெனோர் கைத்தடி ஊன்றிக் கதவைத் திறந்தாள். இடுப்பில் அறுவை செய்திருந்தார்கள். தலை முழுக்க வெளுத்திருந்தது. பதினோரு வருடமாக ரோவேனா அவளுக்குக் கொடுத்திருந்தது ஊசி மாதிரி ஒரு குரல். இவள் குரல் கரகரவென்று மெதுவாக வந்தது. புருஷன் மெர்ல் அடுத்த அறையில் டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். காபியும் வால்நட் கேக்கும் வைத்தாள். சாலை எப்படி இருந்தது என்று கேட்டாள். இடுப்பைப் பற்றிச் சொன்னாள். பேச்சு தீர்ந்துவிட்டது.

"அம்மா அடக்கத்தன்னிக்கு நீ சொன்னியே" என்று ஆரம்பித்தாள் ரோவேனா.

"என்ன சொன்னேன்?"

"பஸ்ஸை விட்டு இறங்கி மேல வரத் தெரியலையான்னு."

லெனோர் உண்மையாகவே யோசித்தாள். "நான் அப்படியா சொன்னேன்? உருளைக்கிழங்கு சாலட் புளிச்சுப்போயிருந்துச்சு. அதுதான் எனக்கு ஞாபகம்."

"அதுக்கப்புறம் நாம பேசல."

"நீதான் பேசல. சின்ன வயசுலேருந்தே உனக்கு என்னை ஆகாதே, அம்மாவும் போயிட்டா, இனி எதுக்குன்னு நீ விட்டுட்டதா நினைச்சேன்."

ரோவேனா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் லீவு கேக்கவே இல்ல லெனோர். கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. ஆளு இருந்தாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

அடுத்த அறையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. "மெர்ல், அதைக் கொஞ்சம் குறை" என்று கத்தினாள் லெனோர். பிறகு கேக் தட்டை அக்காவின் பக்கம் நகர்த்தினாள். "பயம் யாருக்குத்தான் இல்ல. இன்னொரு துண்டு எடுத்துக்க. மெர்லுக்குச் சர்க்கரை, அவனால சாப்பிட முடியாது."

அவ்வளவுதான். திட்டவில்லை. அழவில்லை. கிளம்பும்போது அரைகுறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், தடி நடுவில் இடித்தது. திரும்பி வருகிற இரண்டு மணி நேரமும் காரில் ரோவேனா தனியாக இருந்தாள். சண்டை போடவும் ஆள் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஹாலிஸ் ஏறியதும் அவளே சொன்னாள். "போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு ஞாபகம் இல்லையாம்."

ஹாலிஸ் இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபின், "எனக்கு அவங்களைக் கொஞ்சம் பிடிச்சுத்தான் இருந்துச்சு" என்றார். எந்த லெனோரைச் சொல்கிறார் என்று ரோவேனா கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லெனோர் கூப்பிடுகிறாள். பனி எவ்வளவு, இடுப்பு எப்படி, மெர்லின் சர்க்கரை என்ன. ஐந்து நிமிடம் போகும். வைத்துவிடுவார்கள்.

அந்தக் கோடையில் கடைத்தொகுதியின் கடைசி நிறுத்தத்தில் ஒரு கம்பம் நட்டு, மேலிருந்து சார்ஜ் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தினால் ஓர் இரும்புக் கை இறங்கிக் கூரையைத் தொடும். பன்னிரண்டு நிமிடம் ஆகும். பயணிகள் எல்லோரும் இறங்கிப் போயிருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு, ரோவேனா ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வாள். அந்நேரம் அவள் என்ன பேசினாலும் கேட்க ஆளில்லை. அவள் பேசுவதில்லை. சாப்பிட்டு முடித்துக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.